டர்பனில் குற்றம், சென்னையில் என்ன? விலங்குகள் மீதான பாலியல் கொடுமையும் நாட்டுக்கு நாடு மாறும் சட்டமும்

இந்தியாவில் 2024 ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்தது. 1860-இல் எழுதிய பழைய தண்டனைச் சட்டம் அன்றோடு விலகியது. அதன் 377-ஆம் பிரிவும் கூடவே போனது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய பிரிவு என்றுதான் அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் மனிதர் ஒரு விலங்கைப் பாலியலாகப் பயன்படுத்துவதைக் குற்றம் என்று சொன்ன பிரிவும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது ஒன்றுதான். புதிய சட்டத்தில் அதற்கு ஈடாக எதையும் எழுதவில்லை. ஒரு நாயிடமோ ஆட்டிடமோ அப்படி நடந்துகொண்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிடிபட்டால் பாலியல் குற்றச் சட்டத்தின் கீழ் கூண்டில் நிற்பார். அதே செயல் சென்னையில் நடந்தால், 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். அதன் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் காலத்தில் வைத்த தொகை, இன்றும் அதேதான்.

இங்கே டர்பனில் இதைச் சொன்னால் நம்மவர்கள் முதலில் நம்புவதில்லை. அப்புறம் பேச்சை மாற்றுவார்கள். சாப்பாட்டு மேசையில் பேசுகிற விஷயமா இது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் யாரும் வாய் திறக்காத விஷயத்தில் சட்டத்தில் ஓட்டை விழுந்தால் அதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது. இந்தியாவில் அதுதான் நடந்தது. அதனால் செயல்களை விவரிக்காமல், சட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நம் ஜனங்கள் கப்பலேறிப் போன நாடுகளே இந்த வேறுபாட்டை முழுசாகக் காட்டிவிடும்.

இப்படி ஒரு பிரிவைக் கையில் எடுத்தால், எத்தனை வருஷம் தண்டனை என்பதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். யாருக்குத் தீங்கு நடந்ததாக அந்தப் பிரிவு நினைக்கிறது? கடவுளுக்கா, இயற்கைக்கா, ஊர் ஒழுக்கத்துக்கா, மாட்டின் சொந்தக்காரருக்கா, இல்லை அந்த மாட்டுக்கேவா? இதற்கான பதிலில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது. எந்தச் செயல் குற்றத்துக்குள் வரும், காயம் இருந்தால்தான் வழக்கா, குற்றவாளி நாளைக்கே இன்னொரு நாயை வாங்கலாமா, ஒழுக்கச் சட்டங்களைத் திருத்தும்போது இந்தப் பிரிவு தப்பிக்குமா போகுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை.

பழைய சட்டங்களுக்கு விலங்கு ஒரு பொருட்டே இல்லை. பைபிளின் லேவியராகமம் 20-ஆம் அதிகாரம் மனிதனோடு சேர்த்து அந்த மிருகத்தையும் கொல்லச் சொல்கிறது. ஐரோப்பிய நீதிமன்றங்கள் பல நூற்றாண்டுகளுக்கு அப்படியே செய்தன. பாதிக்கப்பட்ட உயிரே குற்றத்தின் கூட்டாளியாகச் சாகடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533-இல் வந்த சட்டம் ஆண்களுக்கிடையேயான உறவையும் விலங்கோடு நடப்பதையும் ஒரே குற்றமாகக் கட்டி, இரண்டுக்கும் தூக்கு என்றது. நம் பக்கத்து அர்த்தசாஸ்திரமோ இதற்கு 12 பணம் அபராதம் வைத்தது. தண்டனையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருந்தாலும், விலங்கின் கண்ணிலிருந்து பார்க்காததில் இரண்டும் ஒன்றுதான்.

1533-இல் போட்ட அந்த முடிச்சு முக்கியம். ஒருபால் உறவும் விலங்கு மீதான கொடுமையும் 'இயற்கைக்கு மாறானது' என்ற ஒரே மூட்டைக்குள் போயின. ஒன்று, இரண்டு வயது வந்தவர்கள் தங்கள் விருப்பத்தில் வாழ்வது. மற்றது, சம்மதம் சொல்லவோ மறுக்கவோ வாயில்லாத உயிரின் மேல் நடப்பது. இரண்டையும் ஒரே வரியில் எழுதியது பெரிய அநியாயம். அந்த மூட்டையை அவிழ்க்கும் வேலை கடந்த முப்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க நடக்கிறது. அவிழ்க்கும்போது எந்த நாடு விலங்கின் பங்கைக் கவனமாக எடுத்து வைத்தது, எது கைதவறவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி போர்ட் நேட்டாலில், அதாவது இன்றைய டர்பனில், வந்து நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே போல மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் ரங்கூனுக்கும் நம்மவர்கள் போனார்கள். போன இடத்துச் சட்டம் வெவ்வேறு. பர்மாவில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகல். மொரீஷியசில் பிரிட்டிஷ் ஆட்சியில், பிரெஞ்சு வார்ப்பில் 1838-இல் செய்த குற்றவியல் சட்டம். பிரான்சின் தீவான ரீயூனியனில் நேரடிப் பிரெஞ்சுச் சட்டம். இங்கே நேட்டாலில் டச்சுக்காரர்கள் கேப்புக்குக் கொண்டுவந்த ரோமன்-டச்சுப் பொதுச்சட்டம்.

பர்மாவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அங்கே 377-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. ஆண், பெண், விலங்கு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் பழைய வாசகம் அப்படியே நிற்கிறது. இலங்கையின் 365-ஆம் பிரிவும் அதே வயிற்றில் பிறந்ததுதான். விலங்குக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு, மனிதர்களின் அந்தரங்கத்தை மிதிக்கும் அதே பிரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மொரீஷியஸ் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். அங்கே குற்றவியல் சட்டத்தின் 250-ஆம் பிரிவு இரண்டையும் சேர்த்தே சொல்லி, 5 ஆண்டு வரை கடுங்காவல் என்றது. 2023 அக்டோபர் 4-ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வயது வந்த ஆண்கள் சம்மதத்தோடு தனிமையில் நடந்துகொள்வதைக் குற்றமாக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பிரிவையே அடித்துத் தள்ளாமல், அந்த ஒரு பகுதியை மட்டும் அதன் வீச்சிலிருந்து விலக்கிப் படிக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். அதனால் விலங்கு சம்பந்தப்பட்ட பகுதி தொடர்ந்து உயிரோடு இருக்கிறது. இதோடு, 2013-இல் வந்த விலங்கு நலச் சட்டமும் தனியாக உண்டு. மூட்டையை நீதிமன்றம் நிதானமாக அவிழ்த்தது என்பேன். இருந்தாலும் மிச்சமிருப்பது 1838-இன் வாசகம்தான். எந்தச் செயல் அதற்குள் வரும் என்று அது விளக்குவதில்லை. ஏன் குற்றம் என்றும் சொல்வதில்லை.

ரீயூனியனின் கதை நேர்மாறானது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1791-இல் எழுதிய தண்டனைச் சட்டம், மதம் பாவம் என்று சொன்ன பல செயல்களைக் குற்றப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அதில் இதுவும் விடுபட்டது. 1850-இல் வந்த கிரமோன் சட்டம் வளர்ப்பு விலங்குகளைப் பொது இடத்தில் வதைப்பதைத் தடுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது அதற்குள் வராது. இப்படி 200 ஆண்டுகளுக்கு மேல், ரீயூனியன் தலைநகர் செயின்ட் டெனிசிலும் சரி பாரிசிலும் சரி, பாலியல் கொடுமை என்று பெயரிட்டு விலங்குக்காக ஒரு பிரிவு கிடையாது.

2004 மார்ச் 9-ஆம் தேதிச் சட்டம்தான் தண்டனைச் சட்டத்தின் 521-1-ஆம் பிரிவில் 'பாலியல் தன்மையுள்ள கொடுமை' என்பதைச் சேர்த்தது. உடனே ஒரு கேள்வி வந்தது. அடி இல்லை, காயம் இல்லை, ரத்தம் இல்லை என்றால் அதைக் கொடுமை என்று சொல்ல முடியுமா? ஒரு மட்டக்குதிரை சம்பந்தப்பட்ட வழக்கு மேலே மேலே போய், 2007 செப்டம்பர் 4-ஆம் தேதி பிரான்சின் உச்ச நீதிமன்றமான காசேஷன் நீதிமன்றம் பதில் சொன்னது: பாலியல் செயலே போதும், தனியாக வன்முறையைக் காட்ட வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. காயத்தைத் தேடும் சட்டம் பாதி விலங்குகளைக் கைவிட்டுவிடும். பழக்கப்பட்ட நாயும் குதிரையும் எதிர்க்காது. நம்பிக்கைதான் அங்கே கயிறு.

அப்புறம் 2021 நவம்பர் 30-ஆம் தேதிச் சட்டம் இன்னும் தெளிவாகப் போனது. 521-1-1 என்று தனிப் பிரிவே வந்தது. 3 ஆண்டு சிறை, 45,000 யூரோ அபராதம். கூட்டாகச் செய்தாலோ, சிறுவர் முன்னிலையில் செய்தாலோ, விலங்கின் சொந்தக்காரரே அல்லது பார்த்துக்கொள்பவரே செய்தாலோ 4 ஆண்டு, 60,000 யூரோ. வீட்டு நாயைக் காக்க வேண்டியவரே கெடுத்தால் தண்டனை கூடும் என்பது, பிள்ளைகளைக் காக்கும் சட்டங்களில் நாம் பார்த்த தர்க்கம்தான். இணையத்தில் இதற்கு ஆள் தேடுவதும் அழைப்பு விடுவதும் தனிக் குற்றம். மருத்துவச் சிகிச்சை, செயற்கைக் கருவூட்டல் போன்றவற்றுக்கு விலக்கு எழுதியிருக்கிறார்கள். குற்றவாளி விலங்கு வளர்க்கத் தடையும் நீதிமன்றம் விதிக்கலாம். ரீயூனியனில் இன்று இதுதான் சட்டம். நான் படித்தவற்றில் விலங்கை நடுவில் வைத்து எழுதிய பிரிவு என்றால் இதைத்தான் காட்டுவேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவில் 377 என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. ரோமன்-டச்சுப் பொதுச்சட்டத்தில் இது 'இயற்கைக்கு மாறான' குற்றங்களில் ஒன்று. எழுதப்பட்ட பிரிவு கிடையாது. பழைய நூல்களும் முந்தைய தீர்ப்புகளும்தான் ஆதாரம். 1998 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய பொதுச்சட்டத்தை ரத்து செய்தது. இங்கே இரண்டும் தனித்தனிக் குற்றங்களாக வழங்கிவந்ததால், விலங்கு சம்பந்தப்பட்ட பொதுச்சட்டக் குற்றத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. இந்தியா கைதவறவிட்ட இடத்தில் நாம் தப்பித்ததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் 2007-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் பாலியல் குற்றத் திருத்தச் சட்டம். பொதுச்சட்டத்தில் சிதறிக் கிடந்த பாலியல் குற்றங்களை ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். அதன் 13-ஆம் பிரிவு விலங்குக்கானது. நிதானமாகப் படித்தால் எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். மனிதர் விலங்கிடம் செய்வதும் வரும், விலங்கைத் தன்னிடம் செய்ய வைப்பதும் வரும். ஊடுருவல் 'எந்த அளவிலானாலும்' போதும். ஊடுருவல் இல்லாத சில செயல்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. அறிவியல் காரணத்துக்கோ இனப்பெருக்கத்துக்கோ செய்வதற்கு மட்டும் விலக்கு. மூய் ரிவர் பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த விலக்கின் அவசியம் புரியும். காளையிடமிருந்து விந்து எடுக்கும் தொழில்நுட்பப் பணியாளர் குற்றவாளியாகிவிடக் கூடாது இல்லையா?

எழுதியவர்கள் ஒன்றை மறந்தார்கள். தண்டனை. அந்தச் சட்டத்தின் பல பிரிவுகள் 'குற்றவாளி ஆவார்' என்று சொல்லி நின்றுவிட்டன; என்ன தண்டனை என்று எழுதவில்லை. 2012 மே மாதம், விலங்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாலியல் தாக்குதல் வழக்கில், தண்டனை எழுதாத பிரிவு குற்றமே ஆகாது என்று மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடே ஆடிப்போனது. அந்தத் தர்க்கம் நின்றிருந்தால் 13-ஆம் பிரிவும் வெறும் காகிதம். அடுத்த மாதமே புளூம்ஃபொன்டெய்னில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நாடாளுமன்றமும் அவசரமாக ஒரு திருத்தம் நிறைவேற்றி, 56A என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவில் உள்ள எந்தத் தண்டனையையும் நீதிமன்றம் தன் அதிகார எல்லைக்குள் விதிக்கலாம். ஆகவே இன்று உச்ச வரம்பு என்ன என்பது வழக்கு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. மாவட்ட நீதிமன்றம் என்றால் பொதுவாக 3 ஆண்டு, வட்டார நீதிமன்றம் என்றால் 15 ஆண்டு வரை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. நாடாளுமன்றம் இந்தக் குற்றத்தை எவ்வளவு கனமாக எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரு எண்ணாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலையை ஒவ்வொரு மாஜிஸ்திரேட்டின் மனசுக்கு விட்டுவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. 13-ஆம் பிரிவு பாலியல் குற்றச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது மனிதரைத் தண்டிக்கும். ஆனால் அந்த நாய் என்ன ஆகும், நாளைக்கு அதே ஆள் இன்னொன்றை வாங்கினால் என்ன செய்வது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் 1962-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் குற்றவாளியின் உரிமையிலிருந்து விலங்கை எடுத்துவிடலாம். குறிப்பிட்ட காலத்துக்கு அவர் விலங்கு வைத்துக்கொள்ளத் தகுதியற்றவர் என்றும் அறிவிக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் பாலியல் கொடுமை என்ற பேச்சே இல்லை. அடித்தல், பட்டினி போடுதல், தேவையில்லாத வேதனை தருதல் என்ற பொதுவான வதைக் கணக்கில்தான் கொண்டுவர வேண்டும். அங்கே மறுபடியும் காயம், வேதனை என்ற பழைய கேள்வி எழும். அந்தச் சட்டத்தின் பார்வையும் குறுகியது. வளர்ப்பு விலங்குகள், மனிதர் கட்டுப்பாட்டில் உள்ள காட்டு விலங்குகள் மட்டும்தான். 13-ஆம் பிரிவோ வெறுமனே 'விலங்கு' என்கிறது.

ஆக, ஒரு கையில் சரியான வரையறை இருக்கிறது, மறு கையில் சரியான தீர்வு இருக்கிறது. இரண்டையும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டியது அரசு வழக்கறிஞரின் வேலை. அவர் சேர்க்காவிட்டால்? இங்கேதான் ஒட்டக வழக்கு வருகிறது. ஒரு மதச் சடங்கில் ஒட்டகங்களை அறுத்த விதம் கொடூரமானது என்று விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான தேசிய எஸ்.பி.சி.ஏ. புகார் கொடுத்தது. அரசுத் தரப்பு வழக்குத் தொடர மறுத்தது. தாங்களே தொடரலாமா என்று கேட்டு அமைப்பு நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய்த் தோற்று, கடைசியில் 2016 டிசம்பர் 8-ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றது. நீதிபதி சிசி கம்பெபே எழுதிய தீர்ப்பு, 1993-ஆம் ஆண்டின் எஸ்.பி.சி.ஏ. சட்டமே அந்த அமைப்புக்குத் தனியார் வழக்குத் தொடரும் உரிமை தருகிறது என்றது. விலங்கு நலத்தை அரசியல் சாசனத்தின் 24-ஆம் பிரிவு தரும் சுற்றுச்சூழல் உரிமையோடும் இணைத்துப் பேசியது. வதைக் குற்றங்களில் அரசு தூங்கினால் எழுப்ப ஒரு கை இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

ஒளிப்படம், வீடியோ விஷயத்தில் நம் திரைப்பட, வெளியீட்டுச் சட்டம் இத்தகைய காட்சிகளை எக்ஸ்.எக்ஸ். என்ற வகையில் தள்ளி, விநியோகத்தைத் தடை செய்கிறது. அது சரி.

மற்ற நாடுகளில் இரண்டு அனுபவங்கள் நமக்கு நேரடிப் பாடம். ஒன்று கனடா. அங்கே ஒருவர் தன் வளர்ப்பு மகள்களைப் பல ஆண்டுகள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார். வீட்டு நாயும் அதில் இழுக்கப்பட்டிருந்தது. மற்றக் குற்றங்களுக்குத் தண்டனை நின்றது. நாய் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டு மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 ஜூன் 9-ஆம் தேதி பெரும்பான்மை நீதிபதிகள், பழைய ஆங்கிலச் சட்ட வழக்கப்படி ஊடுருவல் இருந்தால்தான் இந்தக் குற்றம், அதை விரிவாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று அவரை அதிலிருந்து விடுவித்தார்கள். நீதிபதி அபெல்லா ஒருவர் மட்டும் மாறுபட்டு, ஊடுருவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது சுரண்டல்தான் என்று எழுதினார். நாடாளுமன்றம் 2019-இல் திருத்தியது. பாலியல் நோக்கத்தோடு விலங்கைத் தொடும் எந்தச் செயலும் இப்போது அங்கே குற்றம். நம் 13-ஆம் பிரிவு செயல்களைப் பட்டியலிட்டு நிற்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்று நாளைக்கு வந்தால் நம் நீதிமன்றமும் கனடாவின் நிலைக்கு வரும். நோக்கத்தை அளவுகோலாக வைப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

கனடா வழக்கில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. நாய் தனியாகப் பாதிக்கப்படவில்லை, பிள்ளையோடு சேர்ந்து பாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 2016 முதல் விலங்கு வதையைத் தனி வகையாகக் கணக்கெடுக்கிறது. அதற்குள் பாலியல் கொடுமைக்கு என்றே ஓர் உள்வகை வைத்திருக்கிறார்கள். வீட்டில் விலங்குக்கு இது நடக்கிறது என்றால் அதே வீட்டுப் பிள்ளைகளையும் பெண்களையும் விசாரிக்க வேண்டும் என்ற புரிதல் காவல் துறைகளிடம் வளர்ந்துவருகிறது. நம் ஊரில் அது இன்னும் வர வேண்டும்.

இரண்டாவது ஜெர்மனி. 1969-இல் ஒழுக்கச் சட்டங்களைத் தளர்த்தியபோது இந்தக் குற்றத்தையும் நீக்கினார்கள். விலங்குக்குக் கணிசமான வேதனை இருந்தால் மட்டும் வதைச் சட்டம் வரும் என்று விட்டுவிட்டார்கள். ஸ்வீடன் 1944-லேயே நீக்கியிருந்தது, நார்வே 1972-இல். எல்லோருக்கும் ஒரே எண்ணம்: பாவத்தைத் தண்டிப்பது அரசின் வேலை இல்லை. அந்த எண்ணத்தில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பாவத்தை நீக்கிய இடத்தில் பாதிப்பை எழுதி வைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நார்வேயும் நெதர்லாந்தும் 2010, ஜெர்மனி 2013, ஸ்வீடன் 2014, டென்மார்க் 2015. ஜெர்மனியில் இது இப்போது விலங்கு நலச் சட்டத்தில் 25,000 யூரோ வரை அபராதம் உள்ள விதிமீறல், சிறை கிடையாது. அதை எதிர்த்துப் போன மனுவை அரசியல் சாசன நீதிமன்றம் 2015 டிசம்பரில் ஏற்க மறுத்துவிட்டது.

தண்டனைக் கணக்கு எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்று பாருங்கள். மலேசியாவில் 20 ஆண்டு வரை, பிரம்படியும் சேரலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் 14, பக்கத்துக் குவீன்ஸ்லாந்தில் 7. இங்கிலாந்து தூக்கிலிருந்து ஆயுள் தண்டனைக்கும், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் 2 ஆண்டுக்கும் இறங்கி வந்திருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் விலங்கின் மேல் அக்கறை அதிகம் என்று அர்த்தமில்லை. மலேசியாவின் 20 ஆண்டு, இயற்கைக்கு விரோதம் என்ற பழைய வேரில் முளைத்தது. பிரான்சின் 3 ஆண்டு, விலங்கு படும் பாட்டைப் பார்த்து எழுதியது.

இப்போது மறுபடி இந்தியா. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 377-ஐக் குறைத்துப் படித்தபோது, விலங்கு சம்பந்தப்பட்ட பகுதி தொடரும் என்று தெளிவாகவே சொன்னது. மொரீஷியஸ் நீதிபதிகள் ஐந்து வருஷம் கழித்துக் காட்டிய அதே கவனம். 2022 நவம்பரில் ஒன்றிய அரசே வெளியிட்ட விலங்கு வதைத் தடுப்புத் திருத்த வரைவில், இதைக் கொடூர வதை என்ற வகையில் சேர்த்துச் சிறைத் தண்டனையும் வைத்திருந்தார்கள். 2023-இல் புதிய தண்டனைச் சட்ட மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, சம்மதமில்லாத செயல்களுக்கும் விலங்கு மீதான செயலுக்கும் இந்தப் பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இத்தனை பேர் கைகாட்டிய பிறகும் புதிய சட்டத்தில் அந்த வரி இல்லை. வரைவும் அந்த நாளில் சட்டமாகியிருக்கவில்லை. புதிய சட்டத்தின் 325-ஆம் பிரிவு விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை என்கிறது. உயிரும் உறுப்பும் தப்பினால்? 50 ரூபாய். பிரான்ஸ் 2004-இலும் ஜெர்மனி 2013-இலும் அடைத்த அதே ஓட்டையை, இந்தியா 2024-இல் புதிதாகத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்தபந்தம் உள்ளவர்கள் அங்கே இதைப் பேச வேண்டும்.

நம் ஊரில் சட்டம் இருந்தும் காவல் நிலையக் கவுன்டரோடு நின்றுவிடுகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு பிரார்த்தனை முடிந்து எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, ஓர் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். பக்கத்து வளவில் நாய்க்கூண்டு இருக்கிறது, அங்கே நடப்பது சரியில்லை, மகன் கண்ணால் பார்த்திருக்கிறான் என்றார். "தம்பி, இதையெல்லாம் போய் போலீஸ்ல சொல்ல முடியுமா? வெட்கமா இருக்கு. நாய்க்குன்னு சட்டம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மகனைக் கூட்டிக்கொண்டு போனார். காவல் நிலையத்தில் இது எங்கள் வேலை இல்லை, விலங்குச் சங்கத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. யார்தான் வற்புறுத்துவார்கள், பின்னால் வரிசையில் தெரிந்த முகங்கள் நிற்கும்போது?

அந்தப் பதில் சட்டப்படி தப்பு. 13-ஆம் பிரிவு பாலியல் குற்றச் சட்டத்தில் உள்ளது, அதைப் பதிவு செய்வது காவல் துறையின் கடமை. எஸ்.பி.சி.ஏ. இன்ஸ்பெக்டர் அதற்கு மாற்று அல்ல, துணை. எனவே இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். எஸ்.பி.சி.ஏ.வுக்கு முதலில் போன் செய்வது நல்லது. விலங்கைப் பத்திரமாக எடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடயம் எடுப்பது அவர்களுக்குப் பழக்கம். அதுவரை பரிதாபப்பட்டு நாயைக் குளிப்பாட்டிவிடக் கூடாது. தடயம் தண்ணீரோடு போய்விடும். வீடியோ கிடைத்தால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அப்படிப் பரப்புவதே குற்றமாகலாம். விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். காவல் நிலையத்தில், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 1962-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இரண்டின் கீழும் டாக்கெட் (வழக்குக் கோப்பு) திறக்கச் சொல்லுங்கள். முதலாவது இல்லாவிட்டால் குற்றம் வெறும் வதையாகச் சுருங்கும். இரண்டாவது இல்லாவிட்டால் நாயை எடுக்கவோ இனி வளர்க்காதே என்று தடுக்கவோ வழி குறையும். அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதையும் வாக்குமூலத்தில் சொல்லுங்கள். கவுன்டரில் இருப்பவர் மறுத்தால் நிலையத் தலைவரைக் கேளுங்கள். வழக்கின் பதிவு எண்ணான சி.ஏ.எஸ். எண் கையில் கிடைத்த பிறகு கிளம்புங்கள். அந்த எண் இருந்தால்தான் அரசு வழக்கறிஞரிடமும் எஸ்.பி.சி.ஏ.விடமும் வழக்கு எங்கே நிற்கிறது என்று பின்னால் கேட்க முடியும்.